1997-இல் ஒப்படைத்த ஹாங்காங்குக்கு பிரிட்டன் இன்னும் கடன்பட்டிருக்கிறதா?

வாசகர் கேள்வி – மே 16, 2025

ஹாங்காங்கை பிரிட்டன் 1997 ஜூன் 30 நள்ளிரவோடு சீனாவிடம் ஒப்படைத்துவிட்டது. அதன் பிறகு அங்கே என்ன சட்டம் வந்தாலும், யார் சிறைக்குப் போனாலும் அது சீனாவின் உள்விவகாரம். நூற்றைம்பது ஆண்டுகள் ஆண்டபோது அந்த மக்களுக்கு முழுமையான வாக்குரிமை தராத நாடு, இன்று அவர்களுடைய சுதந்திரத்துக்காகக் குரல் கொடுப்பது பழைய எஜமானப் புத்திதான். முன்னாள் காலனிக்கு முன்னாள் ஆட்சியாளர் செய்யக்கூடிய ஒரே நன்மை விலகி நிற்பது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு எழுதவும்.

மே 17, 2025

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. 1993 முதல் 2012 வரை ஹாங்காங்கின் சிம் ஷா சுய் பகுதியில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கராக இருந்தேன். ஒப்படைப்பு நடந்த இரவில் விடாமல் பெய்த மழையில் நனைந்துகொண்டு துறைமுகத்தைப் பார்த்து நின்ற கூட்டத்தில் நானும் நின்றேன்.

ஒப்படைத்ததோடு முடிந்தது என்று சொல்பவர்கள், எந்த நிபந்தனையின் பேரில் ஒப்படைக்கப்பட்டது என்பதை விட்டுவிடுகிறார்கள். 1984 டிசம்பர் 19 அன்று பெய்ஜிங்கில் மார்கரெட் தாட்சரும் சீனப் பிரதமர் சாவோ சியாங்கும் கையெழுத்திட்ட கூட்டுப் பிரகடனம், 1985 ஜூன் 12 அன்று ஐக்கிய நாடுகள் சபையில் பதிவு செய்யப்பட்ட உடன்படிக்கை ஆகும். பேச்சு, எழுத்து, கூட்டம், சங்கம் ஆகிய உரிமைகளும், இறுதித் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் கொண்ட சுதந்திரமான நீதித்துறையும் 50 ஆண்டுகளுக்கு, அதாவது 2047 வரை, மாறாமல் இருக்கும் என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. பத்திரத்தில் கையெழுத்திட்டவர் இருவர். அதில் ஒருவர் நிபந்தனையை மீறும்போது மற்றவர் கேட்பது எப்படித் தலையீடாகும்? 2017 ஜூன் 30 அன்று சீன வெளியுறவு அமைச்சகத்தின் செய்தித் தொடர்பாளர் அந்தப் பிரகடனத்தை நடைமுறைப் பொருள் ஏதுமற்ற வரலாற்று ஆவணம் என்றார். முப்பது ஆண்டுகள் மீதமிருக்கும் ஒப்பந்தத்தைப் பழங்காகிதம் என்று ஒரு தரப்பு சொல்லும்போது மறு தரப்பு மௌனமாக இருந்தால், அந்த மௌனமும் ஒரு சம்மதமாகவே பதிவாகும்.

மே 18, 2025

நேற்று எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். கையெழுத்திட்ட இருவரில் ஹாங்காங் மக்கள் இல்லை.

1983-இல் ஆளுநர் எட்வர்ட் யூட், தாம் ஹாங்காங் மக்களின் பிரதிநிதியாகப் பேச்சுவார்த்தைக்குச் செல்வதாகச் சொன்னபோது, அவர் பிரிட்டிஷ் குழுவின் ஓர் உறுப்பினர் மட்டுமே என்று சீனா உடனே மறுத்தது. பேச்சுவார்த்தை அந்த வரையறைக்குள்ளேயே நடந்தது. 1984-இல் வரைவு வெளியானபோது மக்களின் கருத்து கேட்கப்பட்டது உண்மைதான். ஆனால் எதையும் திருத்த முடியாது என்பதும், இந்த ஒப்பந்தத்தை ஏற்பது அல்லது ஒப்பந்தமே இல்லாமல் கைமாறுவது ஆகிய இரண்டுதான் மிச்சம் என்பதும் கூடவே சொல்லப்பட்டன. அப்போது ஹாங்காங்கில் வாழ்ந்தவர்கள் சுமார் 54 லட்சம் பேர். அவர்களில் எத்தனையோ பேர், அல்லது அவர்களுடைய பெற்றோர், 1949-க்குப் பிறகு சீனாவிலிருந்து தப்பி வந்தவர்கள். எந்த ஆட்சியிடமிருந்து ஓடி வந்தார்களோ அந்த ஆட்சியிடமே அவர்களைக் கையளிக்கும் ஒப்பந்தம் அது.

இன்னொன்று. மீறல் நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்ற பிரிவே பிரகடனத்தில் கிடையாது. சர்வதேச நீதிமன்றத்தின் கட்டாய அதிகார வரம்பைச் சீனா ஏற்றுக்கொண்டதும் இல்லை. ஆகவே பிரிட்டனால் வழக்குத் தொடுக்க இயலாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கை வைக்கிறார்கள், அவ்வளவுதான். இந்தக் குறையைப் பிரிட்டன் அறியாமல் கையெழுத்திட்டது என்று நான் நம்பவில்லை.

மே 19, 2025

இதற்கும் முந்தைய கதவு ஒன்று 1972-இலேயே மூடப்பட்டுவிட்டது. ஐ.நா.வில் இடம்பெற்ற சில மாதங்களில், ஹாங்காங்கையும், பக்கத்திலிருந்த போர்ச்சுகீசியக் காலனியான மக்காவையும் (Macau) தன்னாட்சி பெறாத பிரதேசங்களின் பட்டியலிலிருந்து நீக்குமாறு சீனா கேட்டது; அதே ஆண்டு நீக்கினார்கள். பட்டியலில் இருக்கும் பிரதேசத்தின் மக்களுக்குத் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமை உண்டு. பட்டியலிலிருந்து ஒரு வரி அழிந்தது. அந்த உரிமையும் கூடவே போயிற்று. அங்கே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

மே 25, 2025

குடியுரிமையைப் பற்றி எழுதாமல் இந்த விவாதம் நகராது. என் பார்வையில் பிரிட்டனின் கடன் என்று எதையாவது சொல்லலாம் என்றால் அது இங்கேதான் இருக்கிறது.

1996 மார்ச் மாதக் கடைசி நாட்களில் வான் சாயிலுள்ள குடிவரவுத் துறைக் கட்டிடத்துக்கு வெளியே நின்ற வரிசையை நான் பார்த்தேன். பிரிட்டிஷ் சார்புப் பிரதேசக் குடிமகனாகப் பதிவு செய்துகொள்ள அது கடைசித் தவணை. வரிசை தெருவைத் தாண்டி, பக்கத்து விளையாட்டு மைதானத்துக்குள் சென்று, வளைந்து வளைந்து நீண்டது. என் அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசையில் இருந்த பெண்மணி விடுப்பு எடுத்துக்கொண்டு அதில் நின்றார். அவருடைய தாயார் முறைமாற்றி நிற்பதற்காகக் கூடவே வந்திருந்தார். மதிய உணவு இடைவேளையில் நான் அவர்களுக்குத் தண்ணீர் வாங்கிச் சென்றேன். “இந்தக் கடவுச்சீட்டால் லண்டனில் குடியிருக்க முடியுமா?” என்று கேட்டேன். முடியாது என்றார். “பிறகு எதற்கு இத்தனை பாடு?” என்றதற்கு, “கையில் ஏதாவது ஒன்று இருக்கட்டுமே” என்று பதில் சொன்னார். அந்தப் பதில் இன்றுவரை என்னை விடவில்லை.

ஒரு காலத்தில் ஹாங்காங்கில் பிறந்தவர் பிரிட்டிஷ் பிரஜை. பிரிட்டனுக்குள் தாராளமாகச் செல்லலாம். 1962-இன் குடியேற்றச் சட்டம் அதைச் சுருக்கியது. 1981-இன் குடியுரிமைச் சட்டம் அவர்களைச் சார்புப் பிரதேசக் குடிமக்கள் என்ற தனி வகையாக்கி, பிரிட்டனில் வாழும் உரிமையை முற்றிலும் விலக்கியது. ஒப்படைப்பைப் பற்றிய பேச்சு தொடங்கும் தறுவாயில் இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஜிப்ரால்டர் மக்களுக்கு விலக்குத் தரப்பட்டது. ஃபாக்லாந்து மக்களுக்கு 1983-இல் முழுக் குடியுரிமை கிடைத்தது. ஹாங்காங் மக்களுக்கு 1997-க்குப் பின் பயன்படும்படியாக பி.என்.ஓ. (British National Overseas, கடல்கடந்த பிரிட்டிஷ் நாட்டினர்) என்றொரு கடவுச்சீட்டை உருவாக்கினார்கள். பெயரில் பிரிட்டிஷ் இருக்கும், அந்த நாட்டில் குடியிருக்கும் உரிமை இருக்காது, பிள்ளைக்கும் செல்லாது.

பக்கத்திலேயே இருக்கும் மக்காவைப் பாருங்கள். போர்ச்சுகல் பிரிட்டனைவிட ஏழை நாடு. அது காலனிகளை நடத்திய விதமும் கொடியது. ஆனாலும் 1981 நவம்பருக்கு முன் மக்காவில் பிறந்த சீனர்களுக்கு அது முழுப் போர்ச்சுகீசியக் குடியுரிமை கொடுத்தது. படகில் ஒரு மணி நேரத் தொலைவில் ஒருவருக்கு ஐரோப்பாவில் வாழும் உரிமை இருந்தது. இங்கே இருந்தவருக்கு ஒரு பயண ஆவணம் இருந்தது.

பெய்ஜிங்கில் ஜனநாயகம் கேட்டவர்களைச் சீன ராணுவம் கொன்ற 1989 தியானன்மென் படுகொலைக்குப் பிறகு ஹாங்காங் கதிகலங்கிப்போய், வாழும் உரிமையைத் தாருங்கள் என்று கேட்டது. பிரிட்டன் கொடுத்தது 50,000 பேருக்கு மட்டும்.

மே 26, 2025

மேலே கடைசி வரி தவறு. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் 50,000 குடும்பத் தலைவர்களுக்குக் குடியுரிமை அளித்தது. துணைவரும் வயது வராத பிள்ளைகளும் அதில் சேர்வார்கள், ஆகவே மொத்த எண்ணிக்கை அதைவிட மிகுதி. சுட்டிக்காட்டிய கோவை நண்பர் சொல்வது சரி. ஆனால் தேர்வு முறையை அவர் குறிப்பிடவில்லை. வயது, கல்வி, தொழில், ஆங்கிலம் என்று மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். அரசு அதிகாரிகளுக்கும் காவல்துறை போன்ற முக்கியப் பணியில் இருந்தவர்களுக்கும் தனி ஒதுக்கீடு இருந்தது. இவர்கள் ஹாங்காங்கை விட்டுப் போய்விடாமல் இருக்க ஒரு பிடிமானம் தருவதுதான் நோக்கம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். தெருவில் மீன் விற்ற பெண்ணுக்கு அந்தப் பட்டியலில் எந்தக் காலத்திலும் இடம் கிடைத்திருக்காது.

ஜூன் 4, 2025

இன்று தேதி ஜூன் 4, தியானன்மென் படுகொலை நடந்த நாள். ஹாங்காங்கில் இருந்த ஆண்டுகளில் இந்த மாலை விக்டோரியா பூங்காவுக்குப் போவேன். கால்பந்துத் திடல்கள் முழுவதும் மக்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள்; காற்றில் அணையாமல் காகிதக் கூம்புக்குள் மெழுகுவர்த்தி. சீன மண்ணில் தியானன்மென்னில் மாண்டவர்களுக்குப் பெருந்திரளாகக் கூடி அஞ்சலி செய்ய முடிந்த இடங்கள் ஹாங்காங்கும் மக்காவும் மட்டுமே. 1997-க்குப் பிறகும் இருபதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் அது தொடர்ந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஒப்படைப்பின் மறுநாளே எல்லாம் போய்விடவில்லை. 2020-இல் பெருந்தொற்றைக் காரணம் காட்டித் தடை வந்தது. தொற்று போன பிறகும் மெழுகுவர்த்தி திரும்பவில்லை.

ஜூன் 8, 2025

கேள்வி எழுப்பிய நண்பர் மீண்டும் எழுதியிருக்கிறார்: வாக்குரிமை தராதவன் வாக்குரிமைக்காகப் பேசலாமா என்று. அவர் சொல்லும் உண்மையை நான் முழுமையாக ஏற்கிறேன். அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவைத்தான் ஏற்கவில்லை.

உண்மை அவர் சொல்வதைவிடவும் மோசமானது. 1946-இல் ஆளுநர் மார்க் யங் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரமன்றம் ஒன்றை அமைக்கத் திட்டம் போட்டார். 1952-இல் அதைக் கைவிட்டார்கள். சட்டமன்றத்துக்கு மறைமுகத் தேர்தல் 1985-இலும், நேரடித் தேர்தல் 1991-இலும்தான் வந்தன. அப்போதும் 60 இடங்களில் 18 மட்டுமே மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தவை. மனித உரிமைச் சட்டம் 1991-இல், அதாவது வெளியேற ஆறு ஆண்டுகள் இருக்கும்போது வந்தது. கடைசி ஆளுநர் கிறிஸ் பேட்டன் அவசர அவசரமாகத் தேர்தலை விரிவாக்கி 1995-இல் நடத்திய சட்டமன்றத்தை, 1997-இல் சீனா கலைத்துவிட்டுத் தன் தற்காலிகச் சபையை அமர்த்தியது.

இன்னும் ஒன்று இருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு நன்றாகப் புரியக்கூடியது. 2019 அக்டோபரில், தெருவில் இறங்கிய ஜனநாயகப் போராட்டக்காரர்கள் முகமூடி அணிவதைத் தடை செய்ய ஹாங்காங் அரசு எடுத்த ஆயுதம், கடற்தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ஒடுக்க 1922-இல் பிரிட்டிஷ் நிர்வாகம் இயற்றிய அவசரகால ஒழுங்குமுறைச் சட்டம். 2024 ஆகஸ்டில் ஓர் இணையச் செய்தித்தளத்தின் ஆசிரியர்கள் இருவரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கப் பயன்பட்டது, பிரிட்டிஷ் காலத்து ராஜத்துரோகச் சட்டம். 1908-இல் வ.உ.சிதம்பரனாரைச் சிறையில் செக்கிழுக்க அனுப்பியதே, அந்தக் குற்றச்சாட்டை நாம் அறிவோம். விசுவாசமின்மையைத் தூண்டினார் என்ற அதே மொழி, அதே மூளை. ஆள்வதற்காகச் செய்த கத்தியை உறையில்கூட இடாமல் மேசை மீது வைத்துவிட்டு வந்தார்கள். பிறகு வந்தவர் அதைக் கையில் எடுக்கிறார்.

இதனால்தான் பிரிட்டன் பேச அருகதையற்றது என்கிறார் நண்பர். என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. வாக்குரிமையை உரிய காலத்தில் கொடுத்து, கெட்ட சட்டங்களை நீக்கி, குடியுரிமையைப் பறிக்காமல் விட்டுச் சென்றிருந்தால், தன் பங்கைச் செய்துவிட்டதாக அந்த நாடு சொல்லிக்கொள்ளலாம். எதையும் செய்யாததால்தான் பாக்கி நிற்கிறது. கடனைக் கட்டாதவர், ‘நான் கட்டாதவன், ஆகவே கட்ட எனக்குத் தகுதியில்லை’ என்று சொன்னால் எந்த ஊர்ப் பஞ்சாயத்து ஏற்கும்?

ஜூன் 22, 2025

2020 ஜூன் 30 இரவு பதினோரு மணிக்கு, ஹாங்காங்குக்காகப் பெய்ஜிங் இயற்றிய தேசப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. அது வெளியாகும் வரை ஹாங்காங் மக்கள் அதன் வாசகத்தைப் பார்த்ததில்லை. மறுநாளே பிரிட்டன் அதைப் பிரகடனத்தின் தெளிவான மீறல் என்றது. அம்மாதமே குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது. பி.என்.ஓ. தகுதி உள்ளவர்களுக்கு 2021 ஜனவரி 31 முதல் புதிய விசா திறக்கப்பட்டது: ஐந்து ஆண்டு வசித்தால் நிரந்தரக் குடியிருப்பு, மேலும் ஓராண்டில் குடியுரிமை. இதுவரை ஒன்றரை லட்சம் பேர் அளவில் சென்றிருக்கிறார்கள். 1996-இல் அந்தப் பெண்மணி வரிசையில் நின்று வாங்கிய காகிதத்துக்கு இருபத்தைந்து ஆண்டு கழித்து உயிர் வந்தது. இதைச் செய்த பிரிட்டிஷ் அரசை நான் மனமாரப் பாராட்டினேன், இன்றும் பாராட்டுகிறேன்.

ஆனால் விவரங்களைப் பார்க்க வேண்டும். பி.என்.ஓ. பதிவு 1997-ஓடு நின்றுவிட்டது. 2019-இல் தெருவில் இறங்கியவர்களில் எத்தனையோ பேர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்கள் பெற்றோருடன் ஒரே வீட்டில் வசித்து, பெற்றோரோடு சேர்ந்து விண்ணப்பித்தால் மட்டுமே அந்த வழி திறந்தது. வான் சாய் வரிசையில் நின்ற என் பழைய சக ஊழியரின் மகன் 1999-இல் பிறந்தவன். சக ஊழியரின் தாயாருக்கு எண்பத்தைந்து வயது, நினைவு தப்பிக்கொண்டிருந்தது. அவரை விட்டுவிட்டுச் செல்ல மகளால் இயலவில்லை. தாய் போகாததால் மகனும் போக முடியவில்லை. 2022 நவம்பர் இறுதியில்தான் இப்படிப்பட்ட பிள்ளைகள் தனியாக விண்ணப்பிக்கலாம் என்று விதி மாறியது. இடைப்பட்ட அந்த இரண்டு ஆண்டுகள், அழைப்பு மணி அடிக்கும்போதெல்லாம் நெஞ்சு படபடக்க வாழ்ந்ததாக அவர் எனக்கு எழுதினார். மகன் இப்போது இங்கிலாந்தில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான்.

கட்டணமும் இருக்கிறது. ஐந்தாண்டு விசாவுக்குத் தொடக்கத்தில் வாங்கிய 250 பவுண்டு என்பது பெரிதல்ல. அதனோடு சுகாதாரக் கூடுதல் கட்டணம் வயதுவந்த ஒருவருக்கு இப்போது ஆண்டுக்கு 1,035 பவுண்டு, ஐந்தாண்டுக்கும் முன்கூட்டியே செலுத்த வேண்டும். மறுபுறம், பி.என்.ஓ. கடவுச்சீட்டை 2021 ஜனவரி 31 முதல் ஏற்பதில்லை என்று ஹாங்காங் அரசு அறிவித்ததால், அதைக் காட்டி வெளியேறுபவர்கள் தங்கள் கட்டாய வைப்பு நிதியை முன்கூட்டியே எடுக்க முடிவதில்லை. கணக்கராக இருந்தவன் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது: மாதா மாதம் சம்பளத்தில் பிடித்த பணம், அவரவர் பெயரில் இருக்கிறது, அவரவர் கைக்கு வராது.

ஜூன் 30, 2025

சமூக ஜனநாயகவாதிகள் கட்சி நேற்று கலைந்துவிட்டது. தெருவில் நின்று கோஷம் போட்ட கடைசிக் கட்சி அதுதான். தேசப் பாதுகாப்புச் சட்டத்துக்கு இன்றோடு ஐந்து ஆண்டு.

ஜூலை 13, 2025

ஹாங்காங்கின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் நீதிபதிகள் வருகைதரு நீதிபதிகளாக அமர்வது 1997 முதல் உள்ள ஏற்பாடு. ரீட் பிரபுவும் ஹாட்ஜ் பிரபுவும் 2022 மார்ச்சில் விலகினார்கள். 2024 ஜூனில் காலின்ஸ், சம்ப்ஷன் ஆகியோர் விலகினார்கள். சட்டத்தின் ஆட்சி ஆழமாகச் சீர்குலைந்துவிட்டது என்று சம்ப்ஷன் வெளிப்படையாக எழுதினார். சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2024 ஆகஸ்டில் நாளிதழ் அதிபர் ஜிம்மி லாய் உள்ளிட்டோர் அமைதி ஊர்வலத்துக்காகத் தண்டிக்கப்பட்ட வழக்கில் அவர்களுடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்த அமர்வில், பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைவர் நியூபெர்கர் பிரபுவும் இருந்தார். அந்தப் பெயர் தீர்ப்புக்குக் கீழே இருப்பதே ஆட்சியாளருக்கு ஒரு நற்சான்றிதழ்.

ஜூலை 15, 2025

நேற்று முன்தினம் ‘உறுதியான’ என்ற சொல்லை அவசரப்பட்டு எழுதினேன். ஹாங்காங்கில் என்னுடன் பழகிய வழக்கறிஞர் ஒருவர், இப்போதும் அங்கேயே தொழில் செய்பவர், நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தேசப் பாதுகாப்பு வழக்குகளுக்கு நீதிபதிகளை, ஹாங்காங் அரசின் தலைவரான தலைமை நிர்வாகி நியமித்த பட்டியலிலிருந்துதான் எடுக்கிறார்கள். ஆனால் வாடகைத் தகராறு, பணிநீக்கம், குடும்ப வழக்கு, ஒருபாலினத் தம்பதியரின் உரிமை என்று ஆயிரம் வழக்குகளில் வெளியிலிருந்து வந்த நீதிபதி அமர்ந்தால், வாதம் இன்னும் வாதமாகவே கேட்கப்படுகிறது என்கிறார். 2023 செப்டம்பரில் ஒருபாலினத் தம்பதியரின் உறவை அங்கீகரிக்க அரசு மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அதே நீதிமன்றம்தான் தீர்ப்பளித்தது. “நீங்கள் கொள்கையோடு வெளியேறலாம்; என் கட்சிக்காரர் எங்கே வெளியேறுவார்?” என்று கேட்கிறார்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அரசியல் வழக்கில் பெயரைக் கடன் கொடுப்பது தவறு என்பதில் நான் மாறவில்லை. மற்ற வழக்குகளைப் பற்றி அங்கே தொழில் செய்பவர் சொல்வதை, சென்னையில் உட்கார்ந்திருக்கும் நான் மறுப்பது முறையல்ல.

ஆகஸ்ட் 3, 2025

‘ஐம்பதாண்டு கழித்து எந்த நாடாவது முன்னாள் காலனிக்காக நின்றதுண்டா?’ என்று ஒருவர் கேட்டார். ஐம்பது ஆண்டு இல்லை. இருபத்து நான்கு ஆண்டு நின்ற நாடு உண்டு. தென்கிழக்காசியாவில் தன் காலனியாக இருந்த கிழக்குத் திமோருக்காகப் போர்ச்சுகல் நின்றது.

தொடக்கம் வெட்கக்கேடானது. 1975 ஆகஸ்டில் உள்நாட்டுச் சண்டை மூண்டதும் போர்ச்சுகீசிய நிர்வாகம் தலைநகர் டிலியை விட்டு அட்டாவ்ரோ தீவுக்குச் சென்றுவிட்டது. டிசம்பர் 7 அன்று இந்தோனேசியப் படை இறங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் பட்டினியிலும் கொலையிலும் குறைந்தது ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். ஆனால் இந்தோனேசியா திமோரைத் தன்னோடு இணைத்துக்கொண்டதைப் போர்ச்சுகல் ஒருநாளும் அங்கீகரிக்கவில்லை. ஐ.நா.வின் ஏடுகளில் நிர்வகிக்கும் நாடு என்ற தன் பெயரை அழிக்க விடவில்லை. திமோர்க் கடலின் எண்ணெய்க்காக இந்தோனேசியாவோடு ஒப்பந்தம் போட்ட ஆஸ்திரேலியா மீது 1991-இல் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1995-இல் அந்த வழக்கு தோற்றது, இந்தோனேசியா வழக்கில் தரப்பாக இல்லாததால். ஆனாலும் திமோர் மக்களின் சுயநிர்ணய உரிமை உலகம் முழுவதையும் கட்டுப்படுத்தும் ஒன்று என்று நீதிமன்றம் எழுதியது. திமோர் மக்களின் வாக்கெடுப்புக்கான 1999 மே 5 ஒப்பந்தத்தில் இந்தோனேசியாவோடு கையெழுத்திட்டது போர்ச்சுகல்தான். ஆகஸ்ட் 30 வாக்கெடுப்பில் 78.5 சதவீதம் பேர் விடுதலைக்கு வாக்களித்தார்கள். அதற்குப் பழிவாங்கும் படுகொலைகள் நடந்தபோது லிஸ்பன் தெருக்களில் மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலி அமைத்தார்கள்.

மே 19 அன்று நான் எழுதிய குறிப்பை இதோடு சேர்த்துப் படிக்கவும். திமோரின் பெயர் ஐ.நா. பட்டியலில் இருந்தது, அதனால்தான் போர்ச்சுகலால் இத்தனையும் செய்ய முடிந்தது. ஹாங்காங்கின் பெயர் 1972-இல் போய்விட்டது. ஆகவே பிரிட்டன் போர்ச்சுகல் செய்ததைச் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நிலத்துக்காக அது எதுவும் செய்ய இயலாது. மனிதர்களுக்காகச் செய்ய இயலும் என்பதுதான் என் வாதம்.

ஆகஸ்ட் 17, 2025

காயல்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர், ஹாங்காங் இந்தியர்களின் நிலை என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார். அவருடைய ஊர்க்காரர்கள் பலர் அப்போது கவுலூனில் ரத்தினக்கல் வணிகம் செய்தவர்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவருக்குத் திரும்பிச் செல்ல ஓர் ஊர் இருந்தது. எங்கள் கட்டிடத்தின் மேல்தளத்தில் இருந்த சிந்தி குடும்பத்தின் கதை வேறு. மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்தவர்கள்; பிரிட்டிஷ் சார்புப் பிரதேசக் குடியுரிமை தவிர வேறு எதுவும் இல்லாதவர்கள். சீனர் அல்லாததால் சீனக் குடியுரிமை கிடைக்காது. இந்தியாவின் குடிமக்களும் அல்லர். 1997 ஜூலை 1 விடியும்போது அவர்கள் எந்த நாட்டின் மனிதர்கள்?

1941 டிசம்பரில் ஜப்பானியரிடமிருந்து ஹாங்காங்கைக் காக்கப் போரிட்ட படைகளில் ராஜ்புத், பஞ்சாப் படைப்பிரிவுகளின் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். அந்த வரலாற்றை எடுத்துச் சொல்லி, ஆண்டுக்கணக்கில் மனுப் போட்டு, கடைசியில் 1997-இல் ஒரு சட்டம் வந்தது: அந்த ஆண்டு பிப்ரவரி 4-க்கு முன் ஹாங்காங்கில் வழக்கமாக வசித்தவரும் வேறு குடியுரிமை இல்லாதவருமான இவர்கள் முழுப் பிரிட்டிஷ் குடிமக்களாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஒப்படைப்புக்குச் சில மாதங்களே இருந்தன. மேல்தளத்துப் பெரியவர் லட்டுப் பெட்டியோடு ஒவ்வொரு வீடாக இறங்கி வந்தது நினைவிருக்கிறது.

கென்யாவில் பிரிட்டிஷ் கடவுச்சீட்டோடு இருந்த இந்தியர்கள் கிளம்பி வரத் தொடங்கியபோது, 1968-இல் சில நாட்களிலேயே ஒரு சட்டத்தை நிறைவேற்றிக் கதவைச் சாத்தியதும் அதே நாடாளுமன்றம். 1972-இல் இடி அமீன் விரட்டிய உகாண்டா இந்தியர்கள் ஏறத்தாழ 28,000 பேரை ஏற்றுக்கொண்டதும் அதே நாடு. இரண்டும் அந்த நாட்டுக்குள் இருக்கின்றன. எது மேலே வரும் என்பது, யார் எவ்வளவு காலம் விடாமல் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்திருந்தது.

ஆகஸ்ட் 30, 2025

ஜிம்மி லாய் வழக்கில் இறுதி வாதங்கள் நேற்று முன்தினம் முடிந்தன. பன்னிரண்டு வயதில் படகில் ஒளிந்து ஹாங்காங்குக்கு வந்தவர். ஆடை ஆலையில் வேலை செய்து, பின்னர் ஆப்பிள் டெய்லி நாளிதழை நிறுவியவர். இப்போது 77 வயது. 2020 டிசம்பரிலிருந்து சிறையில் இருக்கிறார். அவர் பிரிட்டிஷ் குடிமகன். சீனா அதை ஏற்காததால் பிரிட்டிஷ் தூதரக அதிகாரிகள் அவரைச் சந்திக்க முடியவில்லை. கேள்வி எழுப்பிய நண்பருக்கு: முன்னாள் காலனியை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தாலும், தன் சொந்தக் குடிமகனைச் சிறையில் சென்று பார்க்கக்கூட முடியாத ஒரு நாடு, விலகி நிற்பதுதான் நன்மை என்று சொல்வீர்களா?

செப்டம்பர் 9, 2025

மே 12 அன்று பிரிட்டிஷ் அரசு குடிவரவு பற்றிய வெள்ளை அறிக்கை ஒன்றை வெளியிட்டது. நிரந்தரக் குடியிருப்புக்கான பொதுவான காத்திருப்பை ஐந்திலிருந்து பத்து ஆண்டுகளாக உயர்த்த வேண்டும் என்கிறது. பி.என்.ஓ. விசாவில் சென்றவர்களுக்கும் இது பொருந்துமா என்பது தெளிவாகச் சொல்லப்படவில்லை. ஐந்தாண்டு என்ற வாக்கை மாற்றாதீர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவின் மீது நேற்று நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. உறுதியான பதில் கிடைக்கவில்லை.

என் பழைய சக ஊழியரின் தாயார் சென்ற மாதம் காலமானார். வான் சாய் வரிசையில் மகளோடு முறைமாற்றி நின்ற அதே அம்மா. ‘காரியங்கள் முடிந்தன, இப்போது நான் விண்ணப்பிக்கலாம், மகன் அறை பார்த்துவைத்திருக்கிறான்’ என்று அவர் எழுதியிருக்கிறார். அவருக்கு வயது அறுபத்து மூன்று. ஐந்து ஆண்டு என்றால் அறுபத்தெட்டு. பத்து என்றால் எழுபத்து மூன்று. எந்த எண்ணைப் போட்டுக் கணக்குப் பார்ப்பது, எத்தனை ஆண்டுக்குச் சேமிப்பு தாங்கும் என்று என்னைக் கேட்டிருக்கிறார். இரண்டு எண்களுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.